என் காதுக்கு எடுத்த அச்சு

என் மனைவியின் காதுக்காகக் கொண்டுவரப்பட்ட ஒன்றைப் பொய் சொல்லி என் காதுக்கு எடுத்துக்கொண்டேன். பாட்டுக் கேட்பதற்காக. எப்படிச் சுற்றிச் சொன்னாலும் கதை இங்கேதான் வந்து நிற்கும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது மேடையில் பாடுகிறவர்கள் காதுக்குள் ஏதோ பொருத்திக்கொண்டு பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். அவரவர் காதை அச்செடுத்து அந்த அளவுக்கே செய்து தருகிறார்களாம். வெளிச்சத்தம் ஒரு துளி உள்ளே வராதாம். காரைக்காலில் அப்படி ஒன்றை எண்பதுகளின் தொடக்கத்திலேயே மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டவன் நான். சில வருடங்கள் அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். வருடத்துக்கு ஒருமுறை ஒலி பற்றிய பாடம் வரும். காதின் படத்தைக் கரும்பலகையில் பெரிதாக வரைந்து, கீச்சென்ற ஒலிக்கும் கனத்த ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சீழ்க்கையையும் ஒரு காலி டின்னையும் வைத்து விளக்குவேன். என் வீட்டிலேயே ஒருத்திக்குச் சீழ்க்கை போய்க்கொண்டும் டின் மட்டும் மிஞ்சிக்கொண்டும் இருந்ததை நான்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும். கவனித்தும் இருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் அது தொடங்கியது. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும்; அவள் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்குவாள். யாராவது பேசினால் வலது காதைத் திருப்பிக் கொடுப்பாள். அவள் மாதா கோயில் பாடற்குழுவில் பெண்கள் வரிசையில் முன்னால் நின்று பாடுகிறவள். வீட்டு வேலையின் நடுவே எப்போதும் ஏதாவது முனகிக்கொண்டிருப்பாள். எங்களுக்கு ஒரே மகள். அவள் அப்போது திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

என் மாமனார் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அவருடைய பிள்ளை, என் மனைவியின் தம்பி, இளம் வயதிலேயே பாரீசுக்குப் போனான். அங்கே காது கேளாதவர்களுக்கான மிஷினுக்குக் காதச்சு செய்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஜூலையில் வக்கான்ஸுக்கு வருவான். பிரான்சில் இருக்கிறவர்கள் விடுமுறைக்கு வருவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வந்தால் ஒரு மாதத்துக்கு வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

அந்த முறை வந்தபோது, கையடக்கமான கேசட் பிளேயர் ஒன்றை இடுப்பில் மாட்டியிருந்தான். காதில் பஞ்சு வைத்த வழக்கமான ஹெட்போன் இல்லை. தன் காதையே அச்செடுத்துத் தானே செய்துகொண்ட இரண்டு உருண்டைகள், உள்ளே நல்ல இயர்போனின் உறுப்புகளைப் பிரித்து வைத்தது. சாயங்காலம் அரசலாற்றுப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது கழற்றிக் கொடுத்தான்.

"இது எங் காதுக்குச் செஞ்சது அத்தான். உங்களுக்கு நிக்காது. விரலால அமுக்கிக்கிட்டுக் கேளுங்க."

அமுக்கிக்கொண்டு கேட்டேன். நாகஸ்வரம். பஸ் ஒன்று என்னை உரசிக்கொண்டு போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவன்தான் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். விரல் நழுவினால் இசை ஓடிவிடும், அமுக்கினால் திரும்ப வரும். சரியாகப் பொருந்தாத அந்த அச்சிலேயே வித்வான் அடுத்த பிடிக்கு மூச்சு இழுப்பது கேட்டது. எத்தனையோ கச்சேரிகளில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மூச்சை நான் கேட்டதே இல்லை.

திரும்பி நடக்கும்போது அவன் சொன்னான்: "அத்தான், அக்காவுக்குக் காது நல்லாவே மந்தமாயிடுச்சு. கவனிச்சீங்கள்ல?"

"ம்."

"அச்செடுக்குற மாவு ஒரு பாக்கெட் கொண்டாந்திருக்கேன். ரெண்டு காதுக்குத்தான் வரும். எடுத்துட்டுப் போயி அச்சு பண்ணி, மிஷினும் சேத்து அனுப்புறேன். பட்டறை மொதலாளி, பத்ரோன்கிட்ட பேசி வச்சிருக்கேன். ஆனா அவகிட்ட எப்புடிச் சொல்றது? மெல்லச் சொன்னா கேக்காது. சத்தமாச் சொன்னா வீட்டுல இருக்குற அத்தனை சனத்துக்கும் கேட்டுடும். கூனிக் குறுகிப் போவா. நீங்க தனியா இருக்கப்ப பக்குவமாச் சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை அவள் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். தோளைத் தொட்டிருக்கலாம், ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும். நான் உள்ளே திரும்பி வந்துவிட்டேன். அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது ஒரு பாக்கெட், இரண்டு காது என்ற கணக்கு மட்டும்தான்.

மைத்துனன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். "உங்கக்கா வேணாங்குறா மாப்ள. மிஷின மாட்டிக்கிட்டு கோயிலுக்குப் போக வெக்கமாம். நீ இதப் பத்தி ஒண்ணும் கேட்டுடாத, அழுவா" என்றேன்.

அவன் துண்டால் முகத்தை வெகு நேரம் துடைத்தான். "அவளுக்கு அந்த வீம்பு சின்னதுலேர்ந்தே உண்டு" என்றான்.

"அந்த மாவு நம்ம ஊரு வெயிலுக்கு அடுத்த தடவை வரைக்கும் தாங்குமா?"

"தாங்காது." என்னைப் பார்த்தான். "உங்களுக்கு எடுக்கவா அத்தான்?"

"இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

பிற்பாடு எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிக்கொண்டேன். தாய்க்குக் காது கேட்காது என்று தெரிந்தால் மகளுக்கு வரன் தேடும்போது பேச்சு வரும் என்பது அதில் ஒன்று. அந்தக் காரணங்கள் எல்லாம் பொய்க்குப் பிறகு வந்தவை. பொய் சொன்ன அன்று என்னிடம் இருந்தது ஆசை மட்டும்தான்.

மைத்துனன் அன்று பகலிலேயே ஜன்னல் ஓரத்தில் வைத்து அச்செடுத்தான். நூல் கட்டிய சின்னப் பஞ்சு ஒன்றை முதலில் காதுக்குள் தள்ளினான். பிறகு மாவைக் குழைத்து ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றிப் பீய்ச்சினான். குளிர்ந்த களி இறங்குவது மாதிரி இருந்தது. என் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? அவள்தான்.

"ஆடாம இருங்க. என்னமோ புள்ள பெக்குற மாதிரி மொனகுறீங்க" என்று சிரித்தாள்.

"வாய மூடிக்கங்க அத்தான், அசைக்காதீங்க" என்றான் அவன். பிறகுதான் தெரிந்தது, இடையிடையே வாயைத் திறந்து மூடச் சொல்லியிருக்க வேண்டும் என்று. அவசரத்தில் மறந்துவிட்டான்.

இறுகிய பிறகு நூலைப் பிடித்து வெளியே எடுத்தான். அவள் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். "ஐய, தோலுரிச்ச நண்டு மாதிரில்ல இருக்கு." அவன் கை கழுவப் போனதும் என் பக்கம் குனிந்து, தனக்கு மெதுவான குரல் என்று தோன்றிய, தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னாள்: "அடுத்தாப்ல எனக்கும் ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா செய்வான்."

"சொல்றேன்" என்று தலையை ஆட்டினேன். அவன் கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டிருந்தான். அவன் காதில் இது விழவில்லை.

அவன் ஊருக்குத் திரும்பும்போது வழக்கமாகக் காரைக்கால்மேட்டிலிருந்து நல்ல கருவாடு வாங்கி, மணம் வெளியே வராமல் ஏழு சுற்றுக் காகிதம் சுற்றிக் கட்டிக் கொடுப்பாள். அந்த முறை கட்டவில்லை. கேட்டதற்கு, மழைக் கருவாடு நன்றாக இல்லை என்றாள். அது மழைக்காலமே இல்லை. நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்த யாரோ ஒருவர் கையில் ஒரு மிட்டாய் டப்பாவைக் கொடுத்து அனுப்பியிருந்தான். உள்ளே பஞ்சில் இரண்டு அச்சுகள். வலதுக்குச் சிவப்புப் புள்ளி, இடதுக்கு நீலப் புள்ளி. பிளேயரும் இருந்தது. காதில் வைத்துச் சற்றுத் திருகியதும் அது தன் இடத்தைத் தானே தேடிக்கொண்டு போய் உட்கார்ந்தது. வீடு நின்றுவிட்டது. மின்விசிறி நின்றது, தெரு நின்றது. அந்த மௌனத்துக்குள் தம்புரா தொடங்கியது. நான்கு தந்திகளும் நான்கு இடத்தில் ஒலித்தன. தவில்காரர் விரலில் மாட்டிய கூடு தோலில் பட்டு எழும்புவது தனியாகக் கேட்டது. நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி எச்சிலில் நனைந்திருப்பது கூடக் கேட்டது என்றால் மிகை என்பார்கள். எனக்குக் கேட்டது. அழுதேன். அந்த இன்பம் உண்மையானது; அதை இப்போது பொய்யென்று சொல்லிப் பயனில்லை.

ஒரு குறை இருந்தது. வாயை மூடியபடி எடுத்த அச்சு ஆகையால், தாடை அசைந்தால் அது சற்று விலகும். கனத்த சுரங்கள் ஒழுகிப் போய்விடும். கூடச் சேர்ந்து முனக முடியாது, யாருடனும் பேச முடியாது. ஆகவே பள்ளி விட்டு வந்து காப்பி குடித்ததும் நாற்காலியில் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு விளக்கு வைக்கும் வரை கேட்பேன். அவள் ஏதாவது சொல்ல வந்து எதிரில் நின்றால் கையை உயர்த்தி, இரு என்று காட்டுவேன். அவள் கொஞ்ச நேரம் நிற்பாள். போய்விடுவாள்.

ஒரு நாள் அப்படி நின்றபோது அவள் உதடுகள் அசைந்தன. கையை உயர்த்தினேன். அவள் மறுபடி எதுவோ சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை கழித்துத்தான் கவனித்தேன், பூசையில் அவள் பாடற்குழுவில் இல்லாமல் பெண்களுக்கு நடுவில் கடைசி பெஞ்சில் முழந்தாளிட்டிருந்தாள். வெளியே வந்து ஏன் என்று கேட்டேன்.

"அன்னைக்கே சொன்னேனே. சுதி சேரலயாம், பின்னால நிக்கச் சொன்னாங்க. பின்னால நின்னு என்னா பண்ண, வேணாம்னு வந்துட்டேன். நீங்க சரின்னுதானே தலைய ஆட்டுனீங்க."

அதற்குப் பிறகு வீட்டு வேலையின் நடுவே அவள் முனகுவதும் நின்றது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தவசுக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். மரக் கூண்டின் துளைகளுக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டு, சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டின் மேல் அளவுக்கு மீறிய பற்று என்று முதலில் சொன்னேன். அவர் துருவிக் கேட்கக் கேட்க மீதியும் வந்தது.

"அந்தம்மாகிட்ட சொல்லியாச்சா?" என்றார்.

"இல்ல சாமி."

"பத்து அருள்நிறை மந்திரம் சொல்லுங்க. அப்பறம் வீட்டுக்குப் போயி அந்தம்மாகிட்ட சொல்லுங்க. ரெண்டும் சேந்ததுதான் அபராதம்."

பத்து மந்திரத்தை அங்கேயே பீடத்தின் முன் சொல்லி முடித்தேன். இரண்டாவதை வீட்டுக்குக் கொண்டு வந்து அப்படியே வைத்திருந்தேன். கடவுளிடம் சொல்லியாகிவிட்டது, பாவம் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதி எனக்கு வந்ததுதான் விபரீதம். அந்த நிம்மதியோடு இன்னும் இரண்டு வருடம் பாட்டுக் கேட்டேன்.

இடையில் மைத்துனன் ஒருமுறை வந்தான். பெரும்பாலும் பூவத்தில் தன் மாமியார் வீட்டில் தங்கினான். எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் சாப்பிட வந்தான். அவள் இலை போட்டுப் பரிமாறினாள், தம்பியிடம் எதுவும் பேசவில்லை. அவனும் நான் சொன்னபடி காதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் சொல்லை அவன் காப்பாற்றுவதைப் பார்த்துக்கொண்டே நான் சாப்பிட்டேன்.

அடுத்த ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. எங்கள் ஊரில் எந்த மதத்துக்காரரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். தெரிந்தவர் ஒருவரின் கடை மாடியில் நின்றோம். சுவாமி வரும்போது மாடிகளிலிருந்தெல்லாம் மாம்பழத்தை வீசுவார்கள். முன்னால் மேளம் வந்தது. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், எங்களுக்கு நேர் கீழே நின்று வாசித்தார்கள். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"என்னாங்க, இந்த வருசம் நாயனக்காரங்க சும்மா வாயில வச்சுக்கிட்டு நிக்கிறாங்க? தவில் மட்டும்தான் வாசிக்கிறாங்க."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவள் அவர்கள் முகத்தைப் பார்த்தாள், கீழே நாகஸ்வரக்காரர்களின் உப்பிய கன்னத்தைப் பார்த்தாள், அவளுக்கே புரிந்துவிட்டது. கையில் இருந்த மாம்பழத்தை வீசாமல் வீடு வரை கொண்டுவந்தாள்.

அன்று நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். அன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே சரிசெய்துவிடப் பார்த்தேன். தஞ்சாவூருக்குப் போய், சிகரெட் பெட்டி அளவில், ஜாக்கெட்டில் செருகிக்கொள்ளும் காது மிஷின் ஒன்றை வாங்கி வந்தேன். அதன் கூட வந்த ரப்பர் முனை அவள் காதில் நிற்காமல் கீயென்று கத்தியது. இயற்பியல் ஆசிரியர் அல்லவா! என் வலது அச்சை எடுத்து உள்ளிருந்ததைப் பிடுங்கிவிட்டு, அரத்தால் ராவி, அவள் காதுக்கு ஏற்றபடி சிறிதாக்கி மிஷினோடு பொருத்தினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு நாள் போட்டாள். ஐந்தாம் நாள் தலையணையில் சீழும் ரத்தமும் இருந்தது.

புதுச்சேரியில் காது டாக்டர் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். "காதுன்னா செருப்பா சார்? ஒருத்தரோடத ஒருத்தரு போட? படிச்சவங்கதானே நீங்க?" புண்ணைச் சுத்தம் செய்து, சோதனைகளும் முடித்துவிட்டு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். நரம்பு தளர்ந்துவிட்டது. நல்ல மிஷின் போட்டால் பேச்சுப் புரியும். மூன்று நான்கு வருடம் முன்பே போட்டுப் பழகியிருந்தால் மெல்லிய ஒலிகள் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் சொல்லிவிட நினைத்தேன். அவளிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் பஸ் முழுவதற்கும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு முழுத்தாளை எடுத்து, பாலத்தில் அவன் சொன்னதிலிருந்து நான் சொன்ன பொய் வரை எழுதினேன். ஜன்னல் ஓரத்தில் நின்று படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். என் காதைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப எனக்குன்னுதான் அவன் கொண்டாந்தானா?"

தலையை ஆட்டினேன்.

"நீங்க சொல்லியும் அவன் செய்யலன்னுல்ல நெனச்சேன். கூடப்பொறந்தவளுக்குக் காது போவுது, கண்ணால பாக்குறான், ஆனா அத்தானுக்குப் பாட்டுக் கேக்கச் செஞ்சு குடுத்துட்டுப் போறானேன்னு... ஒரு கருவாட்டுப் பொட்டலம் கட்டிக் குடுக்கலியே நான். போன தடவை வந்தப்ப மூஞ்சி குடுத்துப் பேசலியே."

பிறகு அழுதாள். எனக்காகவும் அல்ல, தனக்காகவும் அல்ல. நான் கையைப் பிடிக்கப் போனபோது தாளை மடித்து என் கையில் திணித்தாள். "இத அவனுக்கு அனுப்புங்க" என்றாள்.

அப்படியே அனுப்பினேன். பதில் வரவில்லை. மறு வருடம் ஜூலையில் அவனே வந்தான். இரண்டு பாக்கெட் மாவு கொண்டுவந்தான். அவள் தலையை நான் பிடித்துக்கொள்ளப் போனேன். "வேணாம் அத்தான், நான் பாத்துக்குறேன்" என்றான். நாற்காலியை என்னிடமிருந்து திருப்பிப் போட்டான். இந்த முறை மறக்கவில்லை. "வாயத் தொற, மூடு, பாடு... எதாவது பாடுக்கா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் பாடவில்லை. வாயை மட்டும் திறந்து மூடினாள்.

அச்சும் மிஷினும் வந்து சேர்ந்தன. முதல் வாரம் முழுக்க அவளுக்குக் கோபம். "இந்த ஃபேன் இம்புட்டுச் சத்தமா போடும்? நீங்க காப்பி குடிக்கிறது மாடு தண்ணி குடிக்கிற மாதிரில்ல இருக்கு. இத்தனை வருசமா இப்புடித்தானா?" நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பேச்சு திரும்பி வந்தது. கடைத்தெருவில் பேரம் பேசினாள், மகளோடு பேசினாள், என்னோடும் பேசினாள். பாட்டு திரும்பவில்லை. நான் ரேடியோவை வைத்தால், "தகரத்துல ஆணி தேய்க்குற மாதிரி இருக்குங்க" என்று சொல்லி, அச்சைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவாள். பாடற்குழுவுக்கு அவள் மறுபடி போகவில்லை.

என்னிடம் மிஞ்சிய நீலப் புள்ளி அச்சை நான் தொடாமல் வைத்திருப்பதை ஒரு நாள் கண்டுபிடித்தாள். "நீங்க கேக்காம இருந்தா எனக்குக் கேட்டுடுமா? எடுத்துப் போட்டுக் கேளுங்க" என்றாள். போட்டுப் பார்த்தேன். ஒரு காதில் மட்டும் கேட்டது. கழற்றிவிட்டேன்.

அதே வருடம் அவள் தம்பி கடிதத்துக்குப் பதில் கேசட் அனுப்பத் தொடங்கினான். அரபு நாட்டில் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் பேசி அனுப்புவது மாதிரி. அவள் அச்சில் நேராகப் பொருந்தும்படி ஒரு ஒயரும் செய்து அனுப்பியிருந்தான். என் பழைய பிளேயரில் கேசட்டைப் போட்டு, நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்பாள். அவன் குரல் கனத்த குரல். அவளுக்கு நன்றாகவே புரிந்தது. திடீரென்று சிரிப்பாள், போடா என்பாள். எனக்கு ஒன்றும் கேட்காது. ஒரு சாயங்காலம் எதிரில் போய் நின்று, என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

கேசட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தினாள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு காப்பி போட உள்ளே போனேன்.